ஷாக்கிளை நீட்டி ஆப்பும் வைத்த பிறகு ஜீப் நடுங்குகிறது, எங்கே பிழை?

முத்தையன்கட்டு ஜீப்:

வணக்கம். என்னிடம் பழைய 4டீஆர்5 டீசல் எஞ்சின் ஜீப் ஒன்று இருக்கிறது. ஒட்டுசுட்டானில் இருந்து வயலுக்குப் போய்வரவும் உரப்பை, நெல்லு மூட்டை ஏற்றவும்தான் வைத்திருக்கிறேன், படம் காட்டுகிற வண்டி இல்லை. காலபோகம் தொடங்கினால் மெசின்கள் ஓடி ஓடி வயல் பாதையின் இரண்டு பக்கமும் முழங்காலளவு கிடங்காகிவிடும். நடுவில் நிற்கிற மேட்டில் என்னுடைய பின் டிஃப் (பின் அச்சின் நடுவில் தொங்குகிற கியர் உருண்டை) கலப்பை மாதிரி கோடு கீறிக்கொண்டு போகும். போன மாரியில் இரண்டு தரம் அந்த மேட்டிலேயே குந்திவிட்டது, ஒருமுறை பக்கத்து வயல்காரரின் லான்ட் மாஸ்டரைக் கொண்டுவந்து இழுத்தோம்.

அதனால் இந்த வருசம் உயர்த்தினேன். நாலு மூலையிலும் ஷாக்கிளை (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் செஸியோடு தொடுக்கிற ஆடு தகடு) இரண்டு இஞ்சி நீட்டி, ஸ்பிரிங்கில் ஒவ்வொரு தகடு கூடப் போட்டு, 28 இஞ்சி ரயரைக் கழற்றி 31 போட்டேன். பொடி (வண்டியின் உடல்) மொத்தமாக மூன்றரை இஞ்சி ஏறியது. பின் புரொப்பலர் ஷாஃப்ட் (பின் டிஃப்புக்குச் சுற்றுக் கொண்டுபோகிற குழாய்த் தண்டு) சரிந்து நிற்கிறது என்று கராஜில் சொல்லி, அந்த ஷாஃப்ட் வந்து பூட்டுகிற டிஃப்பின் பினியன் மூக்கு மேலே பார்க்கிற மாதிரி ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் 4 பாகை ஆப்பு வைத்தார்கள், நீளம் காணாது என்று ஷாஃப்டையும் வெட்டி நீட்டினார்கள்.

இப்போது மணிக்கு 45 கிலோமீற்றரைத் தாண்டினால் நடுக்கம். 55இல் இருக்கைக்குக் கீழே தேன்கூடு இருக்கிற மாதிரி இரைச்சல், கண்ணாடியில் பின்னால் வருகிற ஒருவர் இரண்டு பேராகத் தெரிகிறார். மாங்குளம் ரோட்டில் ஸ்டியரிங்கும் நேரே நிற்காமல் அலைகிறது. ரயர் பலன்ஸ் பண்ணியாயிற்று, ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கிற குரோஸ் ஜொயின்ட் இரண்டும் புதுசு. ஆப்பை இன்னும் தடிப்பாக்கினால் சரிவருமா?

மாங்குளம் லேத்:

தடிப்பாக்காதையும் தம்பி, பிழையே அங்கேதான்.

ஒரு குரோஸ் ஜொயின்ட் வளைந்து நின்று சுற்றினால், உள்ளே சீராகப் போகிற சுற்று வெளியே சீராக வராது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தரம் முந்தும், இரண்டு தரம் பிந்தும். 10 பாகையில் அந்த வித்தியாசம் 1.5 வீதம்தான், 20 பாகையில் 6 வீதத்தைத் தாண்டும், 30க்குப் போனால் 15 வீதம். முன் ஜொயின்ட் செய்கிற குழப்பத்தைப் பின் ஜொயின்ட் அதேயளவு எதிர்ப்பக்கமாகச் செய்து அழித்துவிடுகிறபடியால்தான் வண்டிகள் நடுங்காமல் ஓடுகின்றன. அதற்கு இரண்டு ஜொயின்டிலும் கோணம் சமனாக இருக்கவேண்டும், ஒரு பாகைக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. ட்ரான்ஸ்ஃபர் கேசில் (சுற்றை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கிற பெட்டி) இருந்து வருகிற அச்சும் பினியன் அச்சும் சமாந்தரமாக நின்றால் அது தானாக அமையும். உங்கள் கராஜில் பினியனை ட்ரான்ஸ்ஃபர் பக்கம் திருப்பி ஒரு ஜொயின்டை மட்டும் நிமிர்த்திவிட்டார்கள், மற்றது வளைந்தபடியே நிற்கிறது. கண்ணுக்கு வடிவாகத்தான் இருக்கும்.

ரயரா ஷாஃப்டா என்று பிரித்துப் பார்க்க ஒரு கணக்கு. 31 இஞ்சி ரயர் 55இல் செக்கனுக்கு ஆறு சுற்றுச் சொச்சம். டிஃப் விகிதத்தை 5 என்று வைத்தால் ஷாஃப்ட் 31 சுற்று, கோணப் பிழை அதன் இரட்டிப்பு, 62. அதனாலேதான் ரயர் பிழை குலுக்கும், ஷாஃப்ட் பிழை இரையும். நீர் எழுதியது இரைச்சல்.

சீமெந்துத் தரையில் நாலு சில்லும் ஊன்றி நிற்கட்டும், செஸியை ஜாக்கில் தூக்கினால் அளவு பொய். ஃபோனில் மட்டம் பார்க்கிற செயலி இருக்கும், அதை வைத்து ட்ரான்ஸ்ஃபர் ஃப்ளாஞ் (ஷாஃப்ட் பூட்டுகிற தட்டு), ஷாஃப்ட் குழாய், பினியன் ஃப்ளாஞ் மூன்றையும் அளந்து எழுதும். சில்லுக்குக் கட்டை கொடுத்துவிட்டுக் கீழே போம். இன்னொன்று, ஷாஃப்டை வெட்டி ஒட்டினார்கள் என்றால் இரண்டு முனைக் காதுகளும் (குரோஸைப் பிடிக்கிற கவைகள்) ஒரே தளத்தில் நிற்கிறதா என்று பாரும்.

வவுனியாக்காரன்:

அண்ணை சொன்னது சரி, ஆனால் இதில் எல்லோரும் ஒன்றைத் தவறவிடுகிறீர்கள். தம்பியின் பிரச்சினை டிஃப் மேட்டில் தட்டுவது. ஷாக்கிளை நீட்டினால் என்ன, பத்துத் தகடு போட்டால் என்ன, பொடிதான் மேலே போகும். டிஃப் அச்சோடு இருக்கிறது, அச்சு சில்லோடு இருக்கிறது, டிஃப்பை நிலத்தில் இருந்து தூக்குவது ரயர் மட்டும்தான். 28இல் இருந்து 31க்குப் போனதில் ஒன்றரை இஞ்சி கிடைத்திருக்கிறது, உமக்குத் தேவையானது அதுதான். மிச்ச இரண்டு இஞ்சியால் கிடைத்தது இந்த நடுக்கமும் அலைச்சலும்.

முத்தையன்கட்டு ஜீப்:

வவுனியா அண்ணை, வாசித்துவிட்டு விறாந்தையில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். காசு செலவழிக்க முந்தி ஒருவரும் இதைச் சொல்லவில்லையே.

அளவு எடுத்தேன். எல்லாம் பின்னுக்குச் சரிவு. ட்ரான்ஸ்ஃபர் 3 பாகை, ஷாஃப்ட் 15, பினியன் 9. அதாவது முன் ஜொயின்டில் 12, பின் ஜொயின்டில் 6. ஆப்பை எடுத்தாலும் பினியன் 5இல்தானே நிற்கும், 12க்கு 10 வரும்?

காது விசயம் இன்னும் மோசம். ஷாஃப்டைக் கழற்றி முற்றத்துச் சீமெந்தில் வைத்தேன், ஒரு முனைக் காது படுத்திருக்க மற்றது சரிந்து நின்றது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினால், ஸ்லிப் ஜொயின்டில் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க விடுகிற பல்லு இணைப்பு) சேறும் கிறீசும் காய்ந்து இறுகின இடத்துக்கு அடியில் இரண்டு அம்புக்குறி இருக்கிறது! ஒன்றுக்கு நேரே மற்றது இல்லை, ஒரு பல்லுத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். வெட்டி ஒட்டினது நேர்தான், பூட்டினவர்தான் பார்க்கவில்லை. அம்புக்கு அம்பு வைத்துப் பூட்டினேன், நடுக்கம் பாதி குறைந்தது.

ரொறன்ரோ வன்னியன்:

நான் இங்கே ஒரு ரப்பிகொன் ஜீப் வைத்திருக்கிறேன். ட்ரான்ஸ்ஃபர் பக்கம் டபுள் கார்டன் ஜொயின்ட் போட்டுவிடுங்கள், சோலி முடிந்தது. ஒன்றுக்குப் பதில் இரண்டு குரோஸ் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கோணத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளும், தங்களுக்குள்ளேயே குழப்பத்தை அழித்துவிடும். அப்போது பினியனை நேரே ட்ரான்ஸ்ஃபர் பக்கம் பார்க்க வைக்கலாம், ஒன்றிரண்டு பாகை மட்டும் கீழே விட்டுவையுங்கள், லீஃப் ஸ்பிரிங் வண்டியில் அக்சிலரேற்றரை மிதித்தால் மூக்குத் தானாக மேலே வரும். உங்கள் கராஜ்காரர் இப்படி ஒரு ஷாஃப்டைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஆப்பை வைத்திருப்பார்.

மாங்குளம் லேத்:

ரொறன்ரோ தம்பி சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அவருக்குப் பெட்டியில் வீட்டு வாசலுக்கு வரும், எங்களுக்கு அப்படியில்லை. அந்த ஜொயின்டின் நடுவில் ஒரு உருண்டை இருக்கும், கிறீஸ் காணாவிட்டால் அதுதான் முதலில் சாகும். லான்ட் ரோவர் டிஸ்கவரி 2 வைத்திருப்பவர்களிடம் அந்த ஜொயின்ட் இருக்கிற முன் ஷாஃப்டைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள், அழுவார்கள். வயல் சேற்றுக்குள் தாழ்கிற வண்டிக்கு நான் போடமாட்டேன்.

நான் முதலில் யோசித்தது கியர்பொக்ஸ் தாங்கியை ஒரு இஞ்சி இறக்கலாம் என்று. வவுனியாக்காரர் எழுதினதை வாசித்தபிறகு அதுவும் வேண்டாம் என்று படுகிறது. (வயதுக்கு வந்த புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஷாக்கிளைப் பழைய நீளத்துக்கு மாற்றும். இரண்டு இஞ்சி ஷாக்கிள் பொடியை ஒரு இஞ்சிதான் உயர்த்தும், ஆனால் ஸ்பிரிங்கின் பின்முனையைக் கீழே தள்ளி பினியன் மூக்கையும் தூக்கிவிடும். ஆப்பை எடுத்தாலும் பினியனில் மிஞ்சும் என்றீரே, அந்த ஐந்தில் இரண்டு பாகை அதனால் வந்தது. ஷாக்கிளும் ஆப்பும் போனால் பினியன் 3க்கு வரும், ஷாஃப்ட் கிட்டத்தட்ட 13க்கு வரும், ட்ரான்ஸ்ஃபர் ஏற்கெனவே 3. பத்துக்குப் பத்து.

10 பாகை கூடத்தான், நெடுந்தூரம் ஓடுகிற வாகனத்துக்கு 3ஐத் தாண்டவிடக்கூடாது என்பார்கள். ஆனால் உம்முடைய ஓட்டம் வயலுக்கும் மாங்குளத்துக்கும்தானே, குரோஸுக்குக் கொஞ்சம் அடிக்கடி கிறீஸ் அடித்தால் போகும்.

ஸ்டியரிங் அலைவதும் இதே கதைதான். உம்முடையதில் முன் ஷாக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருந்தால், அதை நீட்டும்போது அச்சு முன்னுக்குக் கவிழ்ந்து காஸ்டர் (சில்லு திரும்புகிற அச்சின் பின்சாய்வு) குறையும், வண்டி நேரே போக மறுக்கும். பழைய ஷாக்கிளோடு அதுவும் திரும்பிவிடும். முன் ஷாஃப்டின் கோணத்தைப் பற்றிக் கவலைப்படாதையும், முன் சில்லு ஹப்பை ஃப்ரீயில் (அச்சோடு பூட்டாமல்) விட்டால் அது ரோட்டில் சுற்றவே சுற்றாது. நாலு சில்லும் போட்டுச் சேற்றில் ஊருகிற வேகத்துக்கு நடுக்கம் தெரியவும் மாட்டாது. முன்பக்கத்தில் எப்போதும் காஸ்டருக்குத்தான் முதலிடம்.

முத்தையன்கட்டு ஜீப்:

ஓம் அண்ணை, ஷாக்கிள் முன்முனையில்தான். 31 ரயர் உள்பக்கம் தட்டுமோ என்றுதான் பயம்.

வவுனியாக்காரன்:

கூடப் போட்ட தகடு இருக்கிறதுதானே, அதை விட்டுவையும். ஸ்டியரிங்கை முழுக்க வெட்டிப் பார்த்து, தட்டினால் மட்காட் உதட்டைக் கொஞ்சம் மடித்துவிடும்.

முத்தையன்கட்டு ஜீப்:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவேண்டும். பழைய ஷாக்கிள் பூட்டியாயிற்று, ஆப்பை எடுத்தாயிற்று. அளந்தேன், ட்ரான்ஸ்ஃபர் 3, ஷாஃப்ட் 13, பினியன் 3.5. மாங்குளம் ரோட்டில் 65 வரை ஓடினேன், கண்ணாடியில் ஒருவர் ஒருவராகவே தெரிகிறார். ஸ்டியரிங் வளைவு முடிய கையை விட்டால் தானாகத் திரும்புகிறது. ரயர் இடப்பக்கம் மட்டும் முழு வெட்டில் உரசியது, மடித்துவிட்டேன். டிஃப்பும் நடுமேட்டில் புல்லை மட்டும்தான் தடவுகிறது.

மாங்குளம் லேத்:

நல்லது. ஆனால் ஷாஃப்டை உயர்ந்த பொடிக்கு அளந்து நீட்டினார்கள், இப்போது பொடி ஒரு இஞ்சி இறங்கியிருக்கிறது. மூட்டை முழுக்க ஏற்றி ஸ்பிரிங் படுத்து நிற்கும்போது ஸ்லிப் ஜொயின்டில் இன்னும் ஒரு இஞ்சியாவது உள்ளே போக இடம் இருக்கிறதா என்று பாரும். இல்லாவிட்டால் முதல் கிடங்கிலேயே ட்ரான்ஸ்ஃபர் பெயரிங்கை இடிக்கும். வெறும் வண்டியில் ஜாக் வைத்துச் சில்லைத் தொங்கவிட்டு ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றும், காதோடு காது முட்டக்கூடாது. அச்சை ஸ்பிரிங்கோடு பிடிக்கிற யூ போல்ட் பழசையே திரும்ப இறுக்கியிருந்தால் கழற்றிவிட்டுப் புதுசு போடும்.

முத்தையன்கட்டு ஜீப்:

பழசுதான் அண்ணை. சனிக்கிழமை கொண்டுவாறன்.