எண்ணூரில் இன்னொரு அனல்மின் நிலையம்: யாருக்கு நியாயம்?

எர்ணாவூரான்:
எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கம், 660 மெகாவாட். 2024 டிசம்பரில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசியவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். 1970-இல் தொடங்கிய பழைய நிலையத்தை 2017-இல்தான் மூடினார்கள். பக்கத்து வல்லூர் அனல்மின் நிலையத்தில் 1,500 மெகாவாட் ஓடுகிறது. வட சென்னை நிலையத்தின் மூன்றாம் கட்டம் மட்டும் 800. இன்னும் எங்கள் தலையிலேயே கட்டுவானேன்?

ஷிப்ட் இன்ஜினியர்:
சார், ஓர் இந்தியர் வருடத்துக்கு வெளியிடும் கரியமில வாயு ஏறக்குறைய 2 டன். அமெரிக்கர் 14 டன். பொறுப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல என்று 1992 ரியோ மாநாட்டிலேயே ஒப்புக்கொண்டாயிற்று. நூறு வருடம் நிலக்கரி எரித்துப் பணக்காரனானவன் நம்மை நிறுத்தச் சொல்கிறான், நாமும் தலையாட்டுகிறோம். மே மாத ராத்திரியில் கரண்ட் போனால் பாயைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவது வசதியான அடையாறா, ஏழைகளின் கொருக்குப்பேட்டையா?

காட்டுக்குப்பம் தம்பி:
அண்ணே, அந்த 2 டன் சராசரி. நாலு ஏசி வீடும் எங்கள் வீடும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. அமெரிக்காவிடம் நீங்கள் கேட்கிற அதே நியாயத்தைத்தான் நாங்கள் சென்னையிடம் கேட்கிறோம்.

எங்கள் ஆட்கள் கொசஸ்தலை ஆற்றில் கையாலேயே இறால் பிடிப்பார்கள். பறியை (இறால் போடும் கூடை) பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பலைக் கரைத்துத் தேக்கும் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய் ஒழுகிய இடத்தில் தடவினால் கையில் வருவது குழைத்த சிமெண்ட் மாதிரி ஒன்று. அதில் இறால் எங்கே இருக்கும்? 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் வேறு வந்தது. குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. வலைக்கே பத்தாது.

ஷிப்ட் இன்ஜினியர்:
குழாய் ஒழுகுவது பராமரிப்புக் கோளாறு தம்பி, அதற்காக நிலையமே வேண்டாம் என்பீர்களா? புதிய நிலையம் ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் குறைவான நிலக்கரிதான் எரிக்கும். கந்தகத்தைப் பிடிக்கக் கருவியும் உண்டு.

எர்ணாவூரான்:
அந்தக் கருவிக்கு 2015-இல் விதி, 2017 வரை கெடு. தள்ளித் தள்ளிக் கடைசியில் 2025-இல் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். பெருநகரங்களை ஒட்டியவற்றுக்கு 2027 முடியும் வரை நேரம். காகிதத்தில் எங்கள் காற்று எப்போதும் சுத்தம்தான்!

வேளச்சேரி வாசு:
ஒரு சந்தேகம். எண்ணூரில் வேண்டாம், சரி. உடன்குடியில் 1,320 மெகாவாட் வருகிறதே, அது மட்டும் பரவாயில்லையா? அங்கேயும் மீனவர்கள்தானே?

காட்டுக்குப்பம் தம்பி:
நல்ல கேள்வி அண்ணே. உடன்குடிக்கு அனுப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தாலே பட்டியலில் வேளச்சேரி ஏன் வருவதில்லை?

வேளச்சேரி வாசு:
ஏரியையே தூர்த்து வீடு கட்டியவர்கள் நாங்கள், இடம் ஏது? (கோபப்படாதீர்கள், சும்மா.)

ஷிப்ட் இன்ஜினியர்:
கிண்டல் இருக்கட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு சோலார் படுத்துவிடும். ஆடி, ஆவணி தாண்டினால் காற்றாலையும் குறையும். ராத்திரி லோடை எதை வைத்துத் தாங்குவது? இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

எர்ணாவூரான்:
பேட்டரி, நீரேற்று நிலையம் (தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) இரண்டுக்கும் பணம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அந்தச் செலவு மின்கட்டணத்தில் ஏறட்டும், அதிகம் எரிக்கிறவர் அதிகம் கட்டட்டும். இதுவரை அதை நாங்கள் இருமலாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஷிப்ட் இன்ஜினியர்:
கட்டணம் ஏறினால் முதல் போராட்டமும் உங்கள் ஏரியாவில்தான் நடக்கும், பாருங்கள்.

காட்டுக்குப்பம் தம்பி:
நடக்கட்டும் அண்ணே. முதலில் ஆற்றில் கிடக்கும் பழைய சாம்பலை அள்ளுங்கள். அப்புறம் 660-ஐப் பற்றிப் பேசக் கூப்பிடுங்கள், வருகிறோம்.