முதலாளிக்கு நன்றி சொல்லோணும், பிரியாவிடை மாதிரி இருக்கக்கூடாது

கொட்டியாரக்குடா:
திருகோணமலையில ஒரு வள்ள எஞ்சின் பாட்ஸ் கடையில 13 வருஷமா நிக்கிறன். எங்கட முதலாளிக்கு ரெண்டு கிட்னியும் ஏலாமப் போயிட்டுது. கிழமைக்கு மூண்டு நாள் டயலிசிஸ். மற்ற நாளில கடைக்கு வந்தாலும் ஒரு மணித்தியாலம் கல்லாவில இருந்திட்டு, முகம் வெளிறி, ஓட்டோவில ஏறிப் போயிடுவார்.

மனுசனைப் பற்றி ஒண்டு சொன்னாக் காணும். 2022 ஆகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340க்குப் போனது ஞாபகம் இருக்கும். அதுக்கு முதலே எண்ணெய் இல்லாம வள்ளமெல்லாம் கரையில கிடந்தது. கடலுக்குப் போகாதவன் பிளக் வாங்குவானோ? சில நாள் ஒரு ரின் கிறீஸ்கூட விக்கேல்ல. நாங்கள் 5 பேர். ஒருத்தரையும் நிப்பாட்டேல்ல, சம்பளமும் பிந்தேல்ல. தன்ர வானை வித்துப்போட்டார். கேட்டதுக்கு, "பழைய வான்டா, பெற்றோல் குடிக்குது" எண்டார். அது டீசல் வான்.

இப்ப கடைப் பெடியள் விழா வைப்பம் எண்டு நிக்கிறாங்கள். பொன்னாடை, வாழ்த்துப்பா, பிரேம் போட்ட படம். எனக்கு மனம் ஒப்பேல்ல. ஆள் இருக்கேக்கயே செத்தவீட்டுக் கல்வெட்டுப் புத்தகம் அடிச்ச மாதிரிப் போயிடும். சொல்லாம விடவும் பயமாக்கிடக்கு. என்ன செய்யலாம்?

கிண்ணியாவான்:
எங்கட வாப்பாவுக்கு 3 வருஷம் டயலிசிஸ் நடந்திச்சு, அதால சொல்றன். பழக்கூடை மட்டும் கொண்டு போயிராதீங்க. வாழைப்பழம், தோடம்பழம், இளநீர் எல்லாத்திலயும் பொட்டாசியம் கூட. பழுதான கிட்னி அத வெளியேத்தாது. ரத்தத்தில ஏறினா இதயத்துடிப்பையே குழப்பிப் போடும். எங்கட வீட்டுக்கு வந்தவங்க பாதிப்பேர் செவ்விளநீரோடதான் வந்தாங்க. வாப்பா ஆசையாப் பாத்துக்கிட்டே இருப்பாரு, உம்மா எடுத்து ஒளிப்பா. தண்ணியே அளந்துதான், கடையில டீ ஊத்தி ஊத்திக் குடுக்காதீங்க. ஊசி ஏத்துற கையால பாரம் தூக்கவும் விடாதீங்க. மெஷின்ல 4 மணித்தியாலம் கிடந்து வந்த அன்னைக்கு ஆக்களப் பாக்கத் தெம்பிருக்காது, மறுநாள் போங்க.

உப்புவெளி அக்கா:
தம்பி, விழாக் கதையை விடுங்கோ. வானை வித்த மனுசன் கிழமைக்கு மூண்டு தரம் ஓட்டோவுக்குக் காசு குடுத்துக்கொண்டு திரியுறார், அது உங்களுக்குத் தெரியேல்லையோ? 5 பேர் இருக்கிறியள், முறை வச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. முதல்ல அவரின்ர மனுசியிட்டக் கேளுங்கோ, அவதான் எல்லாத்தையும் தனியச் சுமக்கிறா. கோணேசர் கோயிலில அர்ச்சனை செய்யிறதெண்டால் செய்யுங்கோ, ஆனா அவரை அந்த ஏத்தத்தில நடத்திக்கொண்டு போகாதேங்கோ.

சல்லி வள்ளக்காரன்:
எந்தக் கடை எண்டு விளங்கீற்று, பேர் சொல்லேல்ல. எனக்கும் அங்க ஒரு கணக்கு நிக்குது, கேட்டுக்கூடப் பாக்காத மனுசன். கடன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வா. பொன்னாடைக்குக் காசு சேக்கிறதை விட அது பெரிசு. என்ர பங்கோட நாளைக்கு வாறன்.

கொட்டியாரக்குடா:
மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதிறன். கொப்பியில கால்வாசி வந்திட்டுது. "ஆரைக் கேட்டுத் தூக்கினனீ" எண்டு நல்ல பேச்சு வாங்கினன். பேசேக்க பழைய குரல் வந்தது, அதுவே சந்தோஷம். டயலிசிஸுக்கு முறை வச்சுக் கூட்டிக்கொண்டு போறம், ஒரு பெடியன்ர மாமா ஓட்டோ தந்தவர்.

நேற்று என்ர முறை. ரோட்டில மான் கூட்டம் குறுக்க நிண்டுது, ஓட்டோவை நிப்பாட்டினன். திரும்பிப் பாக்காமலே, "ஐயா, அந்த வான் டீசல் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" எண்டன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஓமடா, டீசல்தான்" எண்டார். மான் விலகினதும், "இம்பெல்லர் வந்திட்டுதோ?" எண்டு கேட்டார்.