புதுப்பிப்பு: பிரெஞ்சு 'ஓ' சொல்லில் எச் எங்கிருந்து வந்தது

போன வாரம் கேட்டிருந்தேன்: உயரம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் 'ஓ' (haut) லத்தீன் 'ஆல்ட்டுஸ்'-இலிருந்து (altus) வந்ததென்றால், அந்த லத்தீன் சொல்லில் இல்லாத எச் எழுத்து அதன் தலையில் எப்படி ஏறியது? பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

எழுத்துப்பிழை நிலைத்துவிட்டது என்ற யூகம் சரிவரவில்லை. ஃபிராங்க் என்ற பழைய ஜெர்மானிய மொழியைப் பார்க்கச் சொன்னவர்தான் சரி. 5ஆம் நூற்றாண்டில் வட கௌலை (இன்றைய வட பிரான்ஸ் பக்கம்) பிடித்த ஃபிராங்குகளிடம் இதே பொருளில் ஹகர ஒலியோடு ஒரு சொல் இருந்தது, ஜெர்மன் 'ஹோஹ்', ஆங்கில 'ஹை' எல்லாம் அதற்கு உறவு. உடல் லத்தீன், தலை ஃபிராங்க், இரண்டும் ஒட்டிக்கொண்டன. நடுவில் இருந்த ல் பின்னால் உ ஆகி, இப்போது வெறும் 'ஓ' என்றுதான் ஒலிக்கிறது.

இன்று அந்த எச்சை யாரும் உச்சரிப்பதில்லை, ஆனாலும் 'லெ ஓ' என்று பிரித்துத்தான் சொல்ல வேண்டும். ('லெ' ஆங்கில 'தி' மாதிரி, உயிரொலியில் தொடங்கும் சொல்லோடு வழக்கமாகச் சேர்ந்துவிடும்.) நான் 'லோ' என்று சேர்த்து எழுதி வகுப்பில் சிவப்பு மை வாங்கியது இதனால்தான். என் அகராதியில் சொல்லுக்கு முன்னால் இருந்த குட்டி நட்சத்திரம் இதைத்தான் சொல்லியிருக்கிறது, நான் அச்சுக்கறை என்று நினைத்தேன்!

எதிர்பாராதது ஒன்று. எட்டு என்று பொருள்படும் 'உயித்' (huit) சொல்லும் இப்படியே பிரிந்து நிற்கிறது, ஆனால் அது லத்தீன் 'ஆக்டோ', ஃபிராங்க் கலப்பே இல்லை. அந்தக் காலத்தில் யு, வி இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் 'வித்' என்று படித்துவிடாமல் இருக்க முன்னால் எச் போட்டார்களாம். எண்ணெய் என்ற 'உயில்' (huile) சொல்லுக்கும் அதே காரணத்தால் எச் உண்டு, ஆனால் அது மட்டும் 'லுயில்' என்று சேர்ந்துகொள்கிறது.