புதுப்பிப்பு: மாமாவின் கண்ணில் என்னதான் கோளாறு?

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கும் மாமாவுக்குக் கண்ணாடி மாற்றியும், வலை தைக்கும்போது கண்ணிகள் வளைந்து தெரிகின்றன, சர்க்கரை காரணமா என்று முன்பு கேட்டிருந்தேன். அதேதான்.

மதுரையில் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்கள். அப்புறம் ஓசிடி ஸ்கேன், அதாவது விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுப்பது. சர்க்கரை பல வருடம் ஏறியே இருந்ததில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்து, மாக்குலா என்ற நடுப்பகுதியில் நீர் கோத்திருக்கிறது. கூர்மையான பார்வைக்கு அந்த இடம்தான் ஆதாரம். அங்கே வீங்கினால் நேர்க்கோடும் கோணலாகும். வலியோ சிவப்போ கிடையாது.

இதற்குக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். "கண்ணுக்குள்ள ஊசியா? ஆளை விடு மாப்ளே" என்று மாமா எழுந்தே விட்டார். மரத்துப்போக மருந்து விட்டு வெள்ளைவிழி வழியாகப் போட்டார்கள், சில நொடிதான். ஒன்றோடு முடியாது, ஆரம்பத்தில் மாதாமாதம் போட வேண்டும். ஊசி மருந்துகளில் பெவாசிசுமாப் என்பது விலை குறைவு என்பதால் அதையே எடுத்துக்கொண்டோம். இப்போது கண்ணி ஓரளவு நேராகத் தெரிகிறதாம்.

ரத்த அழுத்தமும் இருப்பதால் கருவாட்டைக் குறைக்கச் சொன்னார்கள். ஊசியைவிட அதுதான் அவருக்குப் பெரிய துக்கம்!

பரிசோதனைக்குக் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாகவே இருக்கும், வெயில் கூசும். கறுப்புக் கண்ணாடி வேண்டும். பைக் ஓட்டக் கூடாது.

சர்க்கரை குறைந்தால் ஊசி தேவையில்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். இவர் நிலையில் இரண்டும் வேண்டும் என்றார் டாக்டர். அத்தைக்கும் சர்க்கரை உண்டு. பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டச் சொல்லிவிட்டார்கள்.