கொட்டாவிக்குத் திறக்கும் வாய் சொன்னால் திறப்பதில்லை

மாங்குளத்திலிருந்து:

பெரியம்மாவுக்கு இரண்டாம் முறை பாரிசவாதம் வந்தபோது கைகாலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முகம்தான் போனது. பேச்சு நின்றுவிட்டது, எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. ஊட்டிய கஞ்சி கொடுப்புக்குள் அப்படியே நின்றது.

"வாயைத் திறவுங்கோ, நாக்கை நீட்டுங்கோ" என்று டொக்டர் கேட்டார். பெரியம்மா முயன்று பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவருக்குக் கொட்டாவி வந்தது. வாய் அகலத் திறந்து மூடியது. பேரன் கட்டிலடிக்கு வந்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு. அதைக் கண்ட சொந்தக்காரர் சிலர், "நடிக்கிறா, சாப்பிட விருப்பமில்லை" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

யாழ்ப்பாணத்தில் நரம்பியல் டொக்டர் ஸ்கானை வைத்து விளக்கினார். நாமாக நினைத்து முகத்தையும் நாக்கையும் தொண்டையையும் அசைக்கும் கட்டளை, மூளையின் இரு பக்கமும் உள்ள ஒரு பகுதியிலிருந்து போகிறதாம். ஒரு பக்கம் பழுதானால் பெரும்பாலும் மற்றப் பக்கம் சமாளித்துவிடும். பெரியம்மாவுக்கு முதல் வாதம் ஒரு பக்கத்தையும் இரண்டாவது மறுபக்கத்தையும் அடித்திருந்தது. கொட்டாவியும் சிரிப்பும் அழுகையும் தாமாக வருபவை, அவற்றுக்கு வழி வேறு. 1926இல் ஃபுவா, ஷவானி, மாரி என்ற மூன்று பிரெஞ்சு வைத்தியர்கள் இதை விவரித்ததால் அவர்கள் பெயரால்தான் அழைக்கிறார்கள். அரிதான வருத்தம், அதனால் ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை.

கொப்பியும் பேனையும் கொடுத்தோம். "எல்லாம் விளங்குது. வாய் கேக்குதில்லை" என்று எழுதினார். அன்றைக்குப் பிறகு அவர் முன்னால் யாரையும் கண்டபடி கதைக்க விடவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். நாக்கு உணவைப் பின்னால் தள்ளாது. வற்புறுத்தி ஊட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போய் நியூமோனியா வரும். தண்ணீர்தானே என்று நினைக்கவே கூடாது, அதுதான் லேசாக உள்ளே இறங்கிவிடும். எங்களுக்கு மூக்குக்குழாய் போட்டுத்தான் உணவு கொடுத்தார்கள். கொடுக்கும்போதும் கொடுத்தபிறகு கொஞ்ச நேரமும் நிமிர்த்தி இருத்தச் சொன்னார்கள்.

முகம் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ விடியட்டும் என்று இருக்காதேங்கோ. உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கோ. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக, வாதம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டும். வன்னியில் வீட்டிலிருந்து றோட்டுக்கு வரவே எவ்வளவு நேரம் போகிறது!

புதுக்குடியிருப்பிலிருந்து:

எங்கள் ஐயாவுக்கும் இதே வருத்தம்தான். அவருக்கு எழுதத் தெரியாது. "ஓம் எண்டால் கண்ணை மூடுங்கோ" என்று கேட்டுப் பார்த்தோம், சரிவரவில்லை. கண் தானாகச் சிமிட்டும், சொன்னால் மூடாது. அதனால் எங்களுக்குத் தப்புத் தப்பாகப் பதில் வந்தது. அப்புறம் கையால் கேட்டோம். ஒரு விரல் ஓம், இரண்டு விரல் இல்லை. ஐயாவுக்குக் கை நன்றாக இருந்தபடியால் அன்றைக்கே பிடித்துக்கொண்டார். எழுத்துத் தெரியாதவர்கள் இருக்கும் வீடுகளில் இதையே முதலில் செய்து பாருங்கோ.