மேக்ஓஎஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஐஏசி பஸ் காணவில்லை, லைவிலிருந்து லாஜிக்குக்கு நோட் போகவில்லை

சுருதிப்பெட்டி:
எம்1 மேக்புக் ஏர். மேக்ஓஎஸ் 13 வென்ச்சுராவிலிருந்து நேராக 15 செகோயாவுக்கு ஏற்றியாயிற்று. ஏபிள்டன் லைவ் 12 என்ற இசை மென்பொருளிலிருந்து ஐஏசி (மேக்குக்குள் ஓர் ஆப்பிலிருந்து இன்னொன்றுக்கு மிடி, அதாவது நோட்டுத் தகவல், கொண்டுபோகும் மெய்நிகர் கேபிள்) வழியாக லாஜிக் ப்ரோ என்ற இன்னொரு இசை மென்பொருளுக்கு நோட்டுகள் போய்க்கொண்டிருந்தன. மொத்தம் இரண்டு பஸ் (ஐஏசிக்குள் தனித்தனி வழித்தடம்): ஒன்று நோட்டுக்கு, இன்னொன்று ஒரு டிரம் ஆப்புக்குக் கிளாக் (டெம்போவை ஒத்துப்போக வைக்கும் துடிப்பு) அனுப்ப. இப்போது லைவின் மிடி பட்டியலில் ஐஏசி என்ற பெயரே இல்லை. யூஎஸ்பி கீபோர்டு தெரிகிறது, வாசித்தால் சத்தமும் வருகிறது. இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தும் மாற்றமில்லை. இதற்கென்று தனியாக ஏதாவது மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதினாறுசானல்:
எதுவும் வாங்காதீங்க. ஐஏசி மேக்குக்குள்ளேயே இருக்கற டிரைவர், எங்கேயும் போயிருக்காது. ஆஃப்லைன்ல கிடக்கும், அவ்வளவுதான். புது மேக்லயும் அது ஆஃப்லைன்லதான் இருக்கும், நாமதான் எழுப்பணும்.

அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டர்ல யூட்டிலிட்டிஸ், அதுல 'ஆடியோ மிடி செட்டப்'. திறந்ததும் ஸ்பீக்கர், மைக் பட்டியல்தான் வரும், அது ஆடியோ பக்கம். 'விண்டோ' மெனுவுல 'ஷோ மிடி ஸ்டுடியோ' கொடுங்க. அங்கே 'ஐஏசி டிரைவர்' ஐகான் மங்கலா தெரியும். அதை டபுள் கிளிக் பண்ணி 'டிவைஸ் இஸ் ஆன்லைன்'ல டிக் போடுங்க. கீழே போர்ட் பட்டியல்ல 'பஸ் 1' மட்டும்தான் இருந்தா, ப்ளஸ் அழுத்தி இரண்டாவதைச் சேருங்க. பெயர் மாத்தினா எண்டர் தட்டாம ஜன்னலை மூடாதீங்க, பாதிப் பேருக்குப் பெயர் பதியாம போறது இதனாலதான்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு பாருங்க. மிடி ஸ்டுடியோ ஜன்னல்ல 'கன்ஃபிகரேஷன்'னு ஒரு தேர்வு இருக்கும். பழைய இரண்டு பஸ்ஸும் வேற பெயர்ல ஒரு கன்ஃபிகரேஷன்ல பத்திரமா இருக்கலாம், இப்போ 'டிஃபால்ட்' மட்டும் தேர்வாகியிருக்கலாம். இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க, புதுசா பஸ் உருவாக்காதீங்க. ஒவ்வொரு போர்ட்டுக்கும் கோர் மிடி (மேக்கோட உள்ளமைஞ்ச மிடி அமைப்பு) ஒரு 32 பிட் அடையாள எண் கொடுத்து வைக்கும். பஸ்ஸை அழிச்சிட்டு அதே பெயர்ல இன்னொண்ணு உருவாக்கினா எண் வேற. எண்ணை வச்சு ஞாபகம் வச்சுக்கற ஆப்புக்கு அது முன்பின் தெரியாத போர்ட். பழைய ப்ராஜெக்ட்ல ஒவ்வொரு டிராக்கா மறுபடி தேர்ந்தெடுக்கணும்.

சிஸ்டம் மொழியையும் கவனிங்க. ஐஏசியோட பெயர் மொழிக்குத் தகுந்த மாதிரி மாறும். பெயரை வச்சுத் தேடற ஆப் அப்போ கோட்டை விடும்.

சுருதிப்பெட்டி:
நன்றி அண்ணா. கன்ஃபிகரேஷன் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதில் 'பஸ் 1' மட்டும். டிக் போட்டதும் லைவில் 'ஐஏசி டிரைவர் (பஸ் 1)' வந்துவிட்டது. ஆனால் நிலைக்கவில்லை. மிடி ஸ்டுடியோ திறக்கவே ஒரு நிமிடம் போல ஆகிறது, அதுவரை ஜன்னல் காலி. சில சமயம் திறந்த பிறகு ஐஏசி மறுபடி மங்கலாகிவிடுகிறது, சேர்த்த இரண்டாவது பஸ்ஸும் இல்லை.

பழையகேபிள்:
ஜன்னல் காலியாக நிற்பதுதான் துப்பு. கோளாறு ஐஏசியில் இல்லை, அதற்குப் பின்னால் ஓடும் 'மிடிசர்வர்' என்ற ப்ராசஸில். மேக்கில் எல்லா ஆப்பும் அதன் வழியாகத்தான் மிடி பேசுகின்றன. கிளம்பும்போது அது நிறுவப்பட்டிருக்கும் மிடி டிரைவர்களை எல்லாம் ஏற்றுகிறது. அவற்றில் ஒன்று, பல வருடம் முன்பு வேறொரு சிஸ்டத்துக்காக எழுதியது, பாதியில் முரண்டு பிடித்தால் வரிசையில் நிற்கும் மற்றவையும் நிற்க வேண்டியதுதான். சர்வர் விழுந்து எழுந்தால் பதியாத மாற்றங்களும் போய்விடும்.

லைவ், லாஜிக், ஆடியோ மிடி செட்டப் எல்லாவற்றையும் மூடுங்கள். ஃபைண்டரில் மேக்கின் வட்டுக்குள் லைப்ரரி, ஆடியோ, மிடி டிரைவர்ஸ் என்று உள்ளே போங்கள். அங்கே இருக்கும் ப்ளக்இன் கோப்புகளை அழிக்காமல் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அட்மின் கடவுச்சொல் கேட்கும். இதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் உங்கள் ஹோமில் உள்ள லைப்ரரியிலும் இருக்கலாம். அந்த லைப்ரரி மறைந்திருக்கும், ஆப்ஷன் விசையைப் பிடித்தபடி 'கோ' மெனுவைத் திறந்தால் தெரியும். ஐஏசி டிரைவரையும் சேர்த்து எடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், அது சிஸ்டம் பகுதியில் இருக்கிறது, நம் கைக்கு எட்டாது.

அடுத்து ஆக்டிவிட்டி மானிட்டரில் மிடிசர்வர் என்று தேடி, இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஃபோர்ஸ் குவிட் கொடுங்கள். மிடி கேட்கும் அடுத்த ஆப்பைத் திறந்ததும் அது தானே கிளம்பும். இப்போது மிடி ஸ்டுடியோ உடனே திறந்தால் குற்றவாளி அந்த டெஸ்க்டாப் ஃபோல்டரில்தான். ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து, ஒவ்வொரு முறையும் சர்வரை நிறுத்தி, கண்டுபிடியுங்கள். கிளாஸ் கம்ப்ளையன்ட் கருவிக்கு (பொதுவான யூஎஸ்பி தரத்தைப் பின்பற்றுவது) தனி டிரைவரே தேவையில்லை, ஆகவே பாதியைத் திருப்பி வைக்கவே வேண்டியிருக்காது.

அப்படியும் ஜன்னல் காலியாகவே நின்றால் மட்டும் கன்ஃபிகரேஷன் கோப்பைத் தொடுங்கள். ஹோம் லைப்ரரி, ஆடியோ, மிடி கன்ஃபிகரேஷன்ஸ் என்ற ஃபோல்டரில் 'டிஃபால்ட்' என்ற பெயரில் இருக்கும். அதை வெளியே நகர்த்தினால் சிஸ்டம் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும். விலை: எல்லா பஸ்ஸும் பெயரும் முதலிலிருந்து. அதனால்தான் கடைசியில் சொல்கிறேன்.

சுருதிப்பெட்டி:
டிரைவர்தான். பழைய இன்டர்ஃபேஸ் ஒன்றுக்காக 2016இல் போட்டது, அந்தக் கருவியே இப்போது இல்லை. நகர்த்தியதும் மிடி ஸ்டுடியோ சட்டென்று திறக்கிறது, இரண்டு பஸ்ஸும் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிற்கின்றன. கன்ஃபிகரேஷன் கோப்பைத் தொடவில்லை.

ஆனால் புதுத் தலைவலி. லாஜிக்கில் ஒவ்வொரு நோட்டும் இரட்டையாக விழுகிறது, ஒலி தடித்து ஃபேஸ் அடித்த மாதிரி. சில டிராக்கில் ஒரு கீயைத் தொட்டால் லைவின் சிபியு மீட்டர் ஏறிக்கொண்டே போய் நோட் தொங்கிவிடுகிறது.

பதினாறுசானல்:
இது இரண்டு வேற வியாதி, ஒண்ணா குழப்பிக்காதீங்க.

இரட்டை நோட்: மேக்ல ஒரு மிடி கருவியை எத்தனை ஆப் வேணும்னாலும் ஒரே நேரத்துல கேட்கலாம். உங்க கீபோர்டு நேரா லாஜிக்குக்கும் போகுது, லைவ் வழியா பஸ் 1ல ஏறி மறுபடியும் லாஜிக்குக்கு வருது. சில மில்லிசெகண்ட் இடைவெளியில ஒரே நோட் இரண்டு தடவை, அதான் ஃபேஸ். லாஜிக்ல செட்டிங்ஸ், மிடி, 'இன்புட்ஸ்' டேப். அங்கே கீபோர்டு டிக்கை எடுத்துட்டு பஸ் 1 மட்டும் விடுங்க. கீபோர்டும் லாஜிக்ல வேணும்னா, டிராக் இன்ஸ்பெக்டர்ல 'மிடி இன் போர்ட்' இருக்கு, டிராக் வாரியா பிரிச்சுக்கலாம்.

தொங்கற நோட்: இது லூப். ஐஏசி பஸ்ங்கறது இரண்டு பக்கமும் திறந்த குழாய். லைவ் அதுல ஊத்தினா, அதே பஸ்ஸைக் கேட்டுக்கிட்டிருக்கற எல்லாருக்கும் கொட்டும், லைவ் உட்பட. லைவ்ல மிடி டிராக்கோட 'மிடி ஃப்ரம்' சும்மா விட்டா 'ஆல் இன்ஸ்'ல நிக்கும். 'மிடி டு' பஸ் 1. டிராக்கை ஆர்ம் பண்ணினதும் (ரெக்கார்டுக்குத் தயார் பண்ணினதும்) வெளியே போன நோட் உள்ளே வந்து மறுபடி வெளியே போகுது. செட்டிங்ஸ்ல 'லிங்க், டெம்போ அண்ட் மிடி' போங்க. பஸ் 1க்கு இன்புட் பக்கம் 'டிராக்' ஆஃப், அவுட்புட் பக்கம் 'டிராக்' ஆன். 'ரிமோட்' இரண்டு பக்கமும் ஆஃப்.

பஸ் 2ல அவுட்புட் பக்கம் 'சிங்க்' மட்டும் ஆன். இன்புட் பக்கம் சிங்க்கைத் தவறிப்போய் ஆன் பண்ணி, மேலே 'எக்ஸ்ட்' பட்டனையும் அழுத்திட்டீங்கன்னா லைவ் தன்னோட கிளாக்கையே தான் பின்தொடர ஆரம்பிக்கும், டெம்போ தள்ளாடும். கிளாக்குக்குத் தனி பஸ் வச்சிருக்கறது நல்ல பழக்கம். கால் நோட்டுக்கு 24 துடிப்பு, 120 டெம்போன்னா வினாடிக்கு 48, ஏறக்குறைய 21 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு. நோட்டு ஓடற பஸ்ல அதையும் கலந்தா, லூப் தேடும்போது மானிட்டர்ல கிளாக் மழைதான் தெரியும்.

சோதிக்க 'மிடி மானிட்டர்'ங்கற இலவச ஆப் போதும். சோர்ஸ்ல பஸ் 1 மட்டும் டிக் வச்சு ஒரே ஒரு கீயைத் தட்டுங்க. ஒரு நோட் ஆன், ஒரு நோட் ஆஃப், இரண்டே வரி வரணும். நாலு வரின்னா லைவ்ல இரண்டு டிராக் ஒரே பஸ்ஸுக்கு அனுப்புதுன்னு அர்த்தம். நிக்காம ஓடினா லூப் இன்னும் இருக்கு. சரியா இரண்டே வரி, ஆனா லாஜிக்ல இரட்டைன்னா கீபோர்டு டிக்கை எடுக்கலை.

பழையகேபிள்:
இழைக்குச் சற்று வெளியே, ஆனால் செகோயாவுக்கு ஏற்றியவர்கள் இதையும் மாட்டிக்கொள்கிறார்கள். ஐபேடிலிருந்து வைஃபை வழியாகக் கன்ட்ரோலர் ஆப் ஓட்டுபவர்கள், மேக்கில் ஓடும் அதன் துணை ஆப்புக்கு 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேக்கில் இந்த அனுமதி 15இல்தான் வந்தது. முதல்முறை கேட்கும்போது அவசரத்தில் 'டோன்ட் அலவ்' கொடுத்துவிட்டால், போர்ட் தெரியும், ஆனால் ஒரு நோட்டும் வராது.

சுருதிப்பெட்டி:
மானிட்டரில் முதலில் நாலு வரி வந்தது. லைவில் மறைந்திருந்த ஒரு குரூப்புக்குள் பழைய டிராக் ஒன்று பஸ் 1க்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் 'மிடி டு'வை 'நோ அவுட்புட்' ஆக்கினேன், பஸ் 1க்கு இன்புட் பக்கம் 'டிராக்'கை ஆஃப் செய்தேன், லாஜிக்கில் கீபோர்டு டிக்கையும் எடுத்தேன். இப்போது இரண்டு வரி, லாஜிக்கில் ஒற்றை நோட். டிரம் ஆப்பும் பஸ் 2இல் ஓடுகிறது, ஆனால் அது மட்டும் போர்ட்டுகளைத் திறக்கும்போதுதான் படிக்கிறது போல. பஸ்ஸுக்குப் பெயர் வைத்த பிறகு ஒருமுறை மூடித் திறக்க வேண்டியிருந்தது.