உதவி: குளத்து பைப் உறையாம இருக்க என்ன பண்ணணும்? அவசரம்

குளத்துக்காரன்:
வீட்டுக்குப் பின்னாடி குளம் இருக்கு, வீட்டை வாங்கும்போதே இருந்தது, எங்களுக்கு இதுதான் முதல் விண்டர். வாரக் கடைசில மைனஸ் போகுதாம், பம்ப் இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கு, பைப்பெல்லாம் வெடிச்சுரும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார். எதை ஆஃப் பண்றது, எதைக் கழட்டறது? யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

செல்வி_ஒட்டாவா:
எந்த ஊருங்க? மீன் இருக்கா? பம்ப் தண்ணிக்குள்ள கிடக்கா, வெளிய இருக்கா? எவ்ளோ ஆழம்?

வல்லிபுரத்தான்:
தம்பி, பயப்பிடாதேங்கோ. ஸ்காபரோவிலை நான் ஒவ்வொரு வருஷமும் ஆர்வி ஆன்டிஃப்ரீஸ்தான் (வேன் வீட்டுப் பைப்புக்குள்ளை தண்ணி உறையாமல் ஊத்திற திரவம்) பைப் லைனுக்குள்ளை ஊத்தி விடுறனான், பிங்க் கலரிலை வரும். ரெண்டு பக்கமும் மூடிவிட்டால் காணும்.

அண்ணாச்சி_கால்கரி:
இதுக்கு எத்தனை தடவை பதில் எழுதியாச்சு, பழைய இழையைத் தேடிப் படிக்கிற பழக்கமே யாருக்கும் கிடையாது. தண்ணி ஐஸ் ஆகும்போது சுமார் 9 சதவீதம் விரியும், அடைச்ச இடத்துல நின்னா எந்தப் பைப்பும் தாங்காது. தண்ணியை வெளியேத்தறதுதான் வேலை, மருந்து ஊத்தறது இல்ல. செக் வால்வு, அதாவது தண்ணியை ஒரே பக்கமா மட்டும் விடற வால்வு, இருந்தா பம்பை நிறுத்தினாலும் மேல ஏறின தண்ணி இறங்காம அங்கயே நிக்கும், புது ஆளுங்க எல்லாரும் கோட்டை விடறது அங்கதான்.

குளத்துக்காரன்:
சாரி, பிராம்ப்டன். கோய் மீன் இருக்கு. நாலடி ஆழம். பம்ப் வெளிய ஒரு பெட்டிக்குள்ள இருக்கு, ஸ்கிம்மர்லேர்ந்து (மேல மிதக்கற குப்பையை இழுக்கற பெட்டி) தண்ணி எடுக்குது. பாசியைக் கொல்ற யூவி லைட்டும் டிரம் மாதிரி ஒரு ஃபில்டரும் இருக்கு.

செல்வி_ஒட்டாவா:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. பிரேக்கரை ஆஃப் பண்ணுங்க, தண்ணி மட்டத்தை ஸ்கிம்மர் வாய்க்குக் கீழ இறக்குங்க. பம்ப், ஃபில்டர் ரெண்டுலயும் தண்ணி வடியற டிரெய்ன் பிளக்கைக் கழட்டிருங்க. யூவி பல்பைச் சுத்தி குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய் இருக்கும், அதைச் சுத்தித் தண்ணி நின்னு உறைஞ்சா கீறிரும், அதனால மொத்தமாக் கழட்டி பேஸ்மென்ட்ல வெச்சுருங்க. அப்புறம் ஷாப் வேக்கை (பெரிய வேக்குவம் கிளீனர்) ஊதற பக்கம் மாட்டி லைனை ஊதுங்க, மறுமுனைல தண்ணி சிதறி வர்றது நின்னு வெறும் காத்து மட்டும் வர்ற வரைக்கும் ஊதணும். கடைசியா பால் வால்வை முழுசா மூடாதீங்க, முழுசாத் திறந்தும் விடாதீங்க, பாதியில நிறுத்துங்க. வால்வுக்குள்ள இருக்கற உருண்டைக்குப் பின்னாடி மாட்டிக்கிட்ட தண்ணிதான் ஜனவரில வால்வையே பிளக்கும்.

வல்லிபுரத்தான்:
ஊதினாலும் பள்ளமான இடத்திலை தண்ணி நிக்கும் பிள்ளை. அதுக்குத்தான் ஆன்டிஃப்ரீஸ் எண்டு சொல்லுறன்.

செல்வி_ஒட்டாவா:
ஐயா, மீன் இருக்கற குளம் இது. ஆர்வி சாமான் விஷம் இல்லன்னாலும் ஏப்ரல்ல பம்பைப் போட்டதும் அது குளத்துக்குத்தானே போகும், அங்க மக்கும்போது ஆக்சிஜனைத் தின்னுரும். கார்ல ஊத்தறதை எடுத்து யாராச்சும் ஊத்தினா கதையே முடிஞ்சுது.

மீனம்மா:
பைப்பை விடுங்க, மீனைக் கவனிங்க! தண்ணி 10 டிகிரிக்குக் கீழ போனா சாப்பாடு போடக்கூடாது. ஐஸ்ல ஒரு ஓட்டை எப்பவும் திறந்தே இருக்கணும். ஏர் ஸ்டோனை, அதான் காத்துக் குமிழி விடற கல்லை, நல்லா அடியில போட்டுருங்க.

அண்ணாச்சி_கால்கரி:
அடியிலயா? 4 டிகிரித் தண்ணிதான் கனம் அதிகம், அது அடியில தங்கும், மீனும் அங்கதான் கிடக்கும். அடியிலேர்ந்து காத்து விட்டா மேல இருக்கற குளிர்த் தண்ணியும் அதுவும் கலந்துரும். ஏர் ஸ்டோன் மேலாப்பல ஒரு அடி ஆழத்துல தொங்கணும். பள்ளிக்கூடப் பாடம்மா இது.

மீனம்மா:
பாடம் எனக்கும் தெரியும். எங்க குளம் ஆறடி, நடு ஆழத்துல வெச்சுத்தான் இத்தனை வருஷமா ஓட்டறேன், ஒரு மீன் சாகல.

அண்ணாச்சி_கால்கரி:
நடு ஆழம் வேற, அடி வேற. இவர் குளம் நாலடிதான்.

வல்லிபுரத்தான்:
ஓட்டை மூடிப்போனால் சுத்தியலாலை மட்டும் அடிச்சுப்போடாதேங்கோ, அந்த அதிர்ச்சி மீனுக்குக் கூடாது. சுடுதண்ணிப் பானையை ஐஸுக்கு மேலை வையுங்கோ, மெதுவா உருகும்.

மீனம்மா:
அது சரிங்க ஐயா. ஆனா ஐஸ் மூடாம சூடு பண்ற டீ-ஐசர் ஒண்ணு வாங்கிப் போட்டா ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்.

செல்வி_ஒட்டாவா:
குளத்துக்காரன், என்னாச்சு? நேத்து ராத்திரியே அங்க மைனஸ் போயிருக்குமே.

குளத்துக்காரன்:
ஊதியாச்சு, யூவி பேஸ்மென்ட்ல. நீங்க சொன்ன மாதிரி செக் வால்வுக்கு மேல நிறைய தண்ணி நின்னுச்சு அண்ணாச்சி. ஏர் ஸ்டோன் ஒரு அடி ஆழத்துல தொங்குது. எல்லாருக்கும் நன்றி, பையனை ஹாக்கிக்குக் கூட்டிப் போகணும், அப்புறம் வரேன்.